காற்றும் குளிருமாக ஒரு வார இறுதி: சான் பிரான்சிஸ்கோ கரையோர வசந்தகாலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் பிறந்தால் போதும், வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரே சந்தேகம் விதவிதமாக வாட்ஸ்ஆப்பில் வந்துவிடும்: சனிக்கிழமை காற்றும் குளிருமாக இருக்கும் என்று போட்டிருக்கிறார்களே, பீச்சுக்குப் போகலாமா வேண்டாமா? கேட்பவர்கள் பெரும்பாலும் இங்கே புதிதாக வேலைக்கு வந்தவர்கள், இல்லையென்றால் ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்திருப்பவர்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் வேலை மிச்சம்.

வடக்கே பொடேகா பே முதல் தெற்கே சான்டா குரூஸ் வரையுள்ள கரைக்கும், நடுவில் வளைகுடாவைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்கும், மார்ச் முதல் ஜூன் தொடக்கம் வரை இது பொருந்தும். இங்கே எல்லோரும் பார்க்கும் கணக்கிலேயே எழுதியிருக்கிறேன்: வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில், காற்று மணிக்கு இத்தனை மைல் என்று.

1. ஏப்ரல் வெயில் காலம்தானே? எதுக்கு ஜாக்கெட் எடுத்துட்டு வரச் சொல்றீங்க?

ஊரில்தான் ஏப்ரல் வெயில் காலம். சான் பிரான்சிஸ்கோ நகரில் ஏப்ரல் மாதப் பகல் உச்சம் சராசரியாக 63, 64 டிகிரிதான். செல்சியஸில் 17, 18. இரவில் 50-ஐ ஒட்டி இறங்கும். மே மாதமும் கிட்டத்தட்ட அதே கதைதான். நகரத்தின் மிக வெப்பமான மாதம் செப்டம்பர் என்றால் புதிதாக வந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

வெறும் குளிர் என்றால் சமாளித்துவிடலாம். வசந்தத்தில் குளிரும் காற்றும் சேர்ந்தே வரும். இரண்டுக்கும் ஒரே காரணம். அதை 3-லும் 4-லும் சொல்கிறேன்.

2. எங்க சான் ஹோசேல 75 காட்டுது. பீச்சுல ஒரு அஞ்சு டிகிரி கம்மியா இருக்குமா?

பதினைந்து, இருபது டிகிரி குறைவாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டில் இருக்கும் லிவர்மோரில் அரைக்கை சட்டையோடு காபி குடித்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் கரையோரப் பசிஃபிகாவில் ஆட்கள் தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு நிற்பார்கள். இடையில் இருப்பதோ ஒரு மணி நேரக் கார் பயணம்.

கடலுக்கும் உள்நாட்டுக்கும் நடுவே மலைத்தொடர்கள் நிற்கின்றன. கடற்காற்று மலையைத் தாண்ட முடியாத இடத்தில் வெயில், தாண்டுகிற இடத்தில் குளிர். அதனால் 'பே ஏரியா வானிலை' என்று ஒன்று கிடையாது. நீங்கள் போகிற ஊரின் பெயரைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்து முடிவு செய்வதால்தான் பாதி பேர் அங்கே போய் நினைவுப்பொருள் கடையில் அவசர ஸ்வெட்டர் வாங்குகிறார்கள்.

3. இவ்வளவு காத்து எங்கேர்ந்துதான் வருது?

பசிபிக் கடலுக்கு மேல், ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே, ஒரு பெரிய உயர் அழுத்தப் பகுதி உண்டு. குளிர்காலத்தில் அது தெற்கே ஒதுங்கி நிற்கும். வசந்தம் வந்ததும் வலுப்பெற்று வடக்கே நகரும். அதே சமயம் உள்நாட்டில் சென்ட்ரல் வேலி என்ற பெரிய சமவெளியும் அதற்கப்பால் பாலைவனமும் சூடேறத் தொடங்கும். சூடான நிலத்தின் மேல் அழுத்தம் குறையும். ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், மறுபக்கம் குறைவு; நடுவில் இருப்பது நம் கரை. பூமியின் சுழற்சியும் கரையோர மலைகளும் சேர்ந்து அந்தக் காற்றை நேரே உள்ளே வரவிடாமல் கரையை ஒட்டி வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடவைக்கின்றன.

இது அன்றாடக் காற்று. வார இறுதி எச்சரிக்கை வரும் அளவுக்கு அடிக்கிறது என்றால் பெரும்பாலும் வேறொன்றும் சேர்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை வாக்கில் ஒரு குளிர் முகப்பு, அதாவது சூடான காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு, கடந்து போகும். அதன் முதுகிலேயே உயர் அழுத்தம் கரையை நோக்கி நெருக்கிக்கொண்டு வரும். முகப்பு போன மறுநாள் வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருக்கும், காற்றோ ஆளைத் தள்ளும்.

4. சென்னைல கடற்காத்து வந்தா இதமா இருக்கும். இங்க மட்டும் ஏன் ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி இருக்கு?

கடலே குளிர்ந்து கிடக்கிறது. சென்னைக் கரையில் கடல்நீர் 28, 30 டிகிரி செல்சியஸ் இருக்கும். இங்கே வசந்தத்தில் 10 முதல் 12 செல்சியஸ்தான், அதாவது 50 முதல் 54 ஃபாரன்ஹீட்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடலைக் குளிரவைப்பதே அந்தக் காற்றுதான். வடமேற்குக் காற்று கரைக்கு இணையாக அடிக்கும்போது, பூமியின் சுழற்சியால் மேல்மட்ட நீர் காற்றின் திசைக்கு வலப்பக்கமாக, அதாவது கரையை விட்டு விலகி, நகர்கிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. காற்று எவ்வளவு நாள் விடாமல் அடிக்கிறதோ அவ்வளவு குளிர். அதனால்தான் கரையில் சில இடங்களில் ஏப்ரல், மே மாத நீர் ஜனவரியைவிடக் குளிராக இருக்கிறது. கன்னியாகுமரி, கேரளக் கரையிலும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இதே வேலை நடக்கிறது. நம் கடல் வெப்பமண்டலக் கடல் என்பதால் குளித்தால் நடுங்குவதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குளிர்நீர் வெறும் தொந்தரவு அல்ல. அடியிலிருந்து சத்தும் சேர்ந்து மேலே வருவதால் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி பெருகி, கூனிப்பொடி போன்ற சிறு உயிர்கள் பெருகி, அதைத் தின்ன மீனும் திமிங்கிலமும் கடற்பறவையும் வருகின்றன. இந்தக் கரையில் இவ்வளவு உயிர்வளம் இருப்பதற்குக் காரணம் நாம் திட்டிக்கொண்டிருக்கும் இந்தக் காற்றுதான்.

5. எத்தனை மணிக்குப் போனா காத்து கம்மி?

காலையில். பத்து, பதினோரு மணி வரை பல இடங்களில் அமைதியாகவே இருக்கும். உள்நாடு சூடேற ஆரம்பித்ததும் பிற்பகலில் ஏறி, மூன்று முதல் ஆறு மணிக்குள் உச்சத்துக்குப் போகும். இருட்டிய பிறகு மெல்ல அடங்கும். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்புவது நம்மவர் வழக்கம். காற்று விஷயத்தில் அதைவிட மோசமான நேரம் கிடையாது.

ஆனால் 3-ல் சொன்ன மாதிரி குளிர் முகப்புக்குப் பின்னால் வரும் காற்று இந்த நேரக் கணக்குக்குக் கட்டுப்படாது. கரையின் முனைகளிலும் மலை உச்சிகளிலும் இரவெல்லாம் அடிக்கும். அன்றைய மணிவாரி முன்னறிவிப்பில் காலை ஏழு மணிக்கே 20 மைலுக்கு மேல் போட்டிருந்தால், சீக்கிரம் எழுந்து போய்ப் பயனில்லை. தூங்குங்கள்.

6. 'வெயில், உச்சம் 58, வடமேற்குக் காற்று 20–30, வீச்சு 45'ன்னு போட்டிருக்கு. இதை எப்படிப் படிக்கிறது?

முதலில் வலமிருந்து இடமாகப் படியுங்கள். 45 என்பது கஸ்ட், அதாவது சில நொடிகள் மட்டும் அடிக்கும் வீச்சு. 20–30 என்பது தொடர்ந்து வீசும் காற்றின் சராசரி. ஆளைத் தடுமாறவைப்பது, குடையைத் திருப்புவது, ஸ்ட்ரோலரை உருட்டுவது எல்லாம் வீச்சுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். எனவே 20-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம் எண்ணில் தெரிவதைவிடப் பெரிது.

அப்புறம்தான் 58. வெயிலில், காற்று படாத சுவரோரம் நின்றால் 58 சுகமாகவே இருக்கும். காற்றில் நின்றால் அதே 58-ஐப் பத்து நிமிடம்கூடத் தாங்க மாட்டீர்கள். கடைசியாக 'வெயில்' என்ற சொல். வசந்தகாலக் கரையில் அதற்கு நான் மதிப்பே தருவதில்லை. பலமான காற்றடிக்கும் நாட்களில் பெரும்பாலும் வெயில்தான் இருக்கும்.

7. காத்து அடிச்சாலும் ஆப்போட 'ஃபீல்ஸ் லைக்'ல வித்தியாசமே காட்ட மாட்டேங்குதே?

அமெரிக்க தேசிய வானிலை சேவையின் காற்றுக்குளிர் கணக்கு 50 டிகிரியும் அதற்குக் கீழும் உள்ள வெப்பநிலைக்கு மட்டும் வகுக்கப்பட்டது. 50 டிகிரியில் 25 மைல் காற்று அடித்தால் உடம்புக்கு 43 போல இருக்கும் என்று அது சொல்லும். 55 என்றால் அந்தக் கணக்கு பேசவே பேசாது. பல ஆப்கள் வெறுமனே 55 என்று காட்டிவிடும். கரையில் வசந்தப் பகல்கள் பெரும்பாலும் இந்த ஐம்பதுகளில்தான் ஓடுகின்றன. ஆகவே இங்கே அந்த எண்ணை மறந்துவிட்டு 6-ல் சொன்னபடி காற்றைப் பாருங்கள்.

8. ஆப்ல 15 மைல்னுதான் இருந்தது, அங்க போனா நிக்கவே முடியல. ஏன் இப்படி?

நீங்கள் நின்ற இடம் ஒரு சந்தாக இருந்திருக்கும். வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்தால் கூடத்தில் எப்படி அடிக்குமோ, அப்படி மலைகளுக்கு நடுவே திறப்பு இருக்கும் இடத்தில் காற்று ஒடுங்கி வேகமெடுக்கும். முதல் பெரிய திறப்பு கோல்டன் கேட். அடுத்தது சான் புருனோ மலைக்கும் மான்டாரா மலைக்கும் இடையிலுள்ள தாழ்வு. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் பிற்பகல் காற்று பலமாக இருப்பது அதனால்தான். பழைய கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தின் காற்று நாடே அறிந்தது. 1961 ஜூலையில் அங்கே நடந்த ஆல்-ஸ்டார் பேஸ்பால் ஆட்டத்தில் பந்துவீச்சாளர் ஸ்டூ மில்லரைக் காற்று அசைத்துவிட, அதற்காக அவர்மேல் விதிமீறல் கொடுத்தார்கள்.

முனைகளும் உச்சிகளும் அடுத்த வகை: பாயிண்ட் ரேய்ஸ், லேண்ட்ஸ் எண்ட், டுவின் பீக்ஸ். ஆப்பில் இருப்பது சில கிலோமீட்டர் சதுரத்துக்கான சராசரி. டுவின் பீக்ஸ் உச்சியில் நிற்கிறவருக்கும் அடிவாரத்தில் டாக்சி தேடுகிறவருக்கும் அது ஒரே எண்ணைத்தான் தரும்.

9. அட்வைசரி, வார்னிங், கேல்னு விதவிதமா வருது. எதுக்குப் பயப்படணும்?

தரைக்கு ஒரு வரிசை, கடலுக்கு ஒரு வரிசை என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். தரையில், தொடர்காற்று 30 மைலைத் தாண்டும், அல்லது வீச்சு 45 மைலை எட்டும் என்றால் பொதுவாக விண்ட் அட்வைசரி. தொடர்காற்று 40, அல்லது வீச்சு 58 என்றால் ஹை விண்ட் வார்னிங். முதலாவது வந்தால் போகும் இடத்தை மாற்றுங்கள். இரண்டாவது வந்தால் மரங்கள் அடர்ந்த இடத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருங்கள்.

கடலில் கணக்கு 'நாட்' (knot) என்ற அலகில். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.15 மைல். 21 முதல் 33 நாட் வரை ஸ்மால் கிராஃப்ட் அட்வைசரி, 34 முதல் 47 வரை கேல் வார்னிங், அதற்கு மேல் புயல். வசந்தத்தில் வெளிக்கடலுக்கு ஸ்மால் கிராஃப்ட் அட்வைசரி இல்லாத வாரத்தைத்தான் தேட வேண்டும். திமிங்கிலம் பார்க்கப் படகு டிக்கெட் எடுத்தவர்கள் அதைக் கவனியுங்கள். படகை ரத்து செய்யாவிட்டாலும் உங்கள் வயிறு ரத்து செய்துவிடும்.

10. வானம் நீலமா இருக்கு, கடலும் அமைதியாத்தான் தெரியுது. பிள்ளைங்க காலை நனைச்சுக்கலாம்ல?

இந்தக் கேள்விக்கு மட்டும் விளையாட்டாகப் பதில் சொல்ல மாட்டேன். மெரினாவில் முழங்கால் தண்ணீரில் நின்று பழகிய பழக்கத்தை இங்கே கொண்டு வராதீர்கள். ஓஷன் பீச்சில் 'நீந்தியவர்களும் காலை நனைத்தவர்களும் இங்கே மூழ்கி இறந்திருக்கிறார்கள்' என்ற பொருளில் பலகையே வைத்திருக்கிறார்கள். அது பயமுறுத்துவதற்காக எழுதியதல்ல.

வடக்கு கலிபோர்னியாவில் 'ஸ்னீக்கர் வேவ்' என்று ஒன்று உண்டு. பத்து, இருபது நிமிடம் சின்னச் சின்ன அலையாக வந்துகொண்டிருக்கும். பிறகு திடீரென்று ஒன்று மணல்மேட்டின் பாதி வரை ஏறி, ஆளை வீழ்த்தி, உள்ளே இழுத்துக்கொண்டு போகும். முன்னறிவிப்பில் அலைகளுக்கு இடையிலுள்ள நேரத்தைப் பாருங்கள். எட்டு, ஒன்பது நொடி என்றால் அது உள்ளூர்க் காற்று எழுப்பிய அலை. கரடுமுரடாகக் கண்ணுக்கே தெரியும். பதினைந்து நொடிக்கு மேல் என்றால் தொலைதூரப் புயல் அனுப்பிய அலை. கடல் சாதுவாகத் தெரியும்போதே வரும். வசந்தத்தில் இரண்டும் ஒரே நாளில் கலந்து வரலாம்.

தண்ணீரின் குளிரை 4-ல் சொன்னேன். அதில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது. பத்து நிமிடத்துக்குள் கைகால் சொன்னபடி கேட்பது குறைந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இதுதான் கதி. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். ஈர மணல் தொடங்கும் இடத்துக்கு மேலேயே பிள்ளைகளை விளையாட விடுங்கள். யாராவது இழுத்துச் செல்லப்பட்டால் பின்னால் குதிக்காமல் 911-ஐ அழையுங்கள்.

11. அப்பா அம்மா வந்திருக்காங்க. காத்து படாத இடமா ஒண்ணு சொல்லுங்க.

காற்று வடமேற்கிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. வடமேற்கில் மலை நிற்கிற இடமாகத் தேடினால் போதும். சான்டா குரூஸ், கேபிடோலா கடற்கரைகள் தெற்குப் பார்த்தவை, பின்னால் மலை. பல நாள் ஹாஃப் மூன் பேயில் மணல் முகத்தில் அறையும்போது அங்கே மக்கள் துண்டு விரித்துப் படுத்திருப்பார்கள். பாயிண்ட் ரேய்ஸ் பக்கம்தான் போக வேண்டும் என்றால், வெளிக்கடல் பக்கத்தை விட்டுவிட்டு டொமாலெஸ் பேயின் உள்கரைக்குப் போங்கள். ஹார்ட்ஸ் டிசையர் பீச் நல்ல மறைவான இடம், அலையும் கிடையாது.

மியூர் வுட்ஸ் ரெட்வுட் மரக்காட்டில் சாதாரண நாட்களில் காற்று தெரியாது, ஆனால் குளிரும். கார் நிறுத்த முன்பதிவும் வேண்டும். விண்ட் அட்வைசரி இருக்கும் நாளில் அங்கும் வேண்டாம், கிளைகள் முறிந்து விழும்.

12. அம்மா புடவைதான் கட்டுவாங்க. என்ன போட்டுவிடுறது?

கட்டட்டும். உள்ளே கம்பளி லெகிங்ஸ், முந்தானையைப் பின் குத்தி, மேலே இடுப்புக்குக் கீழ் வரை இறங்கும் காற்று புகாத ஜாக்கெட். முக்கியமானது அந்தக் காற்று புகாத துணிதான். ஊரிலிருந்து ஆசையாக வாங்கி வந்த கை பின்னிய ஸ்வெட்டர் எத்தனை தடிமனாக இருந்தாலும் இந்தக் காற்று அதன் வழியே போய்விடும். காதை மூட மங்கி கேப் கொண்டு வந்திருந்தால் வெட்கப்படாமல் போடச் சொல்லுங்கள். குடை வேண்டாம்.

சன்ஸ்கிரீன் மறக்காதீர்கள். குளிர்காற்றில் சூடு உறைக்காது என்பதால் தோல் கன்றுவது சாயங்காலம் வரை தெரியாது. அப்புறம் மகரந்த அலர்ஜி இருப்பவர்கள் மாத்திரையைக் காலையிலேயே போட்டுவிடுங்கள். வசந்தத்தில் ஓக்கும் புல்லும் பூக்கும் நேரம், காற்று அதையெல்லாம் சேர்த்து அள்ளி வரும்.

13. பாயிண்ட் ரேய்ஸ் கலங்கரை விளக்கம் போகலாமா?

1870-ல் ஏற்றப்பட்ட விளக்கு, இந்தக் கரையிலேயே அதிகக் காற்றும் பனிமூட்டமும் உள்ள முனைகளில் ஒன்று. விளக்கு உச்சியில் இல்லை. மேலே பனிமூட்டம் மறைத்துவிடும் என்பதால் பாறைச்சரிவில் கீழே கட்டினார்கள். முந்நூற்றுச் சொச்சம் படி இறங்கி, அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். காற்று 40 மைலைத் தாண்டினால் படியை மூடிவிடுவார்கள். வாரத்தில் சில நாள் எப்படியும் மூடல்தான், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் சாம்பல் திமிங்கிலத் தாய்கள் குட்டியோடு மெக்சிகோவிலிருந்து அலாஸ்கா நோக்கிக் கரையோரமாகவே போகும். காற்று குறைந்த காலைதான் அதற்கு ஏற்றது. கடல் முழுக்க வெள்ளை நுரையாக இருந்தால் திமிங்கிலம் விடும் மூச்சை எங்கே கண்டுபிடிப்பது?

14. கோல்டன் கேட் பாலத்துல நடந்தா ஏதோ ஊளையிடுற மாதிரி சத்தம். பாலம் தாங்குமா?

தாங்கும். அந்தச் சத்தம் 2020-ல் வந்தது. காற்றைத் தாங்கும் திறனைக் கூட்டுவதற்காக மேற்கு நடைபாதைக் கைப்பிடியின் கம்பிகளை மெல்லியவையாக மாற்றினார்கள். பலமான வடமேற்குக் காற்று அவற்றின் வழியே போகும்போது ஊருக்கே கேட்கும் அளவுக்குப் பாடத் தொடங்கிவிட்டது.

காற்றுக்காக அந்தப் பாலம் மூடப்பட்டது 1951, 1982, 1983 ஆண்டுகளில், மூன்றுமே டிசம்பர் புயல்கள். 70 மைலை ஒட்டியும் அதற்கு மேலும் வீச்சு இருந்தது. வசந்தகாலக் காற்றுக்குப் பாலம் அசராது, நீங்கள்தான் அசருவீர்கள். நடந்தே ஆக வேண்டும் என்றால் 5-ல் சொன்ன நேரத்தில் போங்கள்.

15. பனிமூட்டத்துல பாலம் போட்டோ எடுக்கணும். இந்த வாரம் கிடைக்குமா?

பலமான காற்று என்று சொல்லியிருந்தால் பெரும்பாலும் கிடைக்காது. பனிமூட்டம் தங்குவதற்கு, கீழே குளிர்காற்றும் மேலே மூடிபோட்ட மாதிரி சூடான காற்றும் வேண்டும். குளிர் முகப்பு கடந்துபோனால் மேலும் கீழும் கலந்து அந்த மூடி கலைந்துவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து, உள்நாடு சூடேறி, காற்று கொஞ்சம் தணிந்த பிறகு மூட்டம் திரும்பி வரும். நிச்சயமாக வேண்டும் என்றால் ஜூலை, ஆகஸ்ட்.

16. மழை வருமா? மின்சாரம் போகுமா?

ஏப்ரலில் கொஞ்சம் மழை உண்டு, மே மாதத்தில் அதைவிடவும் குறைவு. முகப்பு கடக்கும் நாளில் சில மணி நேரம் பெய்துவிட்டுப் போகும். பின்னாலேயே திடீர்த் தூறலும் சின்ன ஆலங்கட்டியும் வருவதுண்டு. அன்று தாஹோ பனிமலைப் பக்கம் போகிறவர்கள் ஏப்ரல் ஆயிற்றே என்று டயர்ச் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம்.

மின்சாரம் போனால் அது மரத்தால்தான். குளிர்கால மழையில் மண் ஊறிக் கிடக்க, மரம் புது இலைவிட்டு நிற்கும்போது காற்று அடித்தால் வேரோடு சாயும். 2023 மார்ச்சில் வந்த புயல்காற்றில் மரம் விழுந்து உயிரிழப்பே ஏற்பட்டது. காட்டுத்தீக்குப் பயந்து மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்துவது இலையுதிர்காலக் கதை, அதோடு இதைக் குழப்ப வேண்டாம்.

17. உள்ள வெயில் கொளுத்துதுன்னா கரையிலயும் கொஞ்சம் சூடாகணும்ல? ஏன் இன்னும் குளிருது?

3-ஐ இன்னொரு முறை படியுங்கள். உள்நாடு சூடேறச் சூடேற அங்கே அழுத்தம் குறையும், கடற்காற்றை இழுக்கும் விசை கூடும். சாக்ரமெண்டோவில் 95 என்றால் கோல்டன் கேட்டில் குளிர்காற்று பிய்த்துக்கொண்டு போகும். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கும் சாக்ரமெண்டோவுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை இங்குள்ள முன்னறிவிப்பாளர்கள் தினமும் பார்ப்பது இதற்காகத்தான். மூன்று மில்லிபார், அதற்கு மேல் என்றால் பிற்பகல் காற்று பலமாகவே இருக்கும். வடக்கே ஆர்கேட்டாவுக்கும் இங்கும் உள்ள வித்தியாசத்தையும் பார்ப்பார்கள், அது கரையோர வடக்குக் காற்றுக்கு.

ஆல்டமாண்ட் கணவாயில் காற்றாலைகள் நிற்பது அந்த இழுப்பின் பாதையில்தான். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு நண்பரின் அப்பா அதைப் பார்த்ததும் 'நம்ம பாலக்காட்டுக் கணவாய்தானே இது' என்றார். சரிதான். மலைத்தொடரில் விழுந்த இடைவெளி, அதன் வழியே கடலிலிருந்து உள்ளே பாயும் காற்று. ஆரல்வாய்மொழியிலும் அதே ஏற்பாடு. அங்கே பருவக்காற்று ஈரத்தோடு வருகிறது, இங்கே கோடை முழுக்க ஒரு சொட்டு மழை தராத காற்று.

18. போன ஏப்ரல்ல ஒரு நாள் ஓஷன் பீச்சுல 80 டிகிரி இருந்தது, அன்னிக்கும் காத்துதான் அடிச்சது. நீங்க சொல்றதுக்கு நேர்மாறா இருக்கே?

நல்ல கேள்வி. அன்று காற்று வடகிழக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வந்திருக்கும். சில வசந்தகாலக் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகள் கடல் வழியாக வராமல் நெவாடா வழியாக உள்நாட்டிலேயே தெற்கே இறங்கிவிடும். அவை கடந்தபின் உயர் அழுத்தம் உள்நாட்டில் அமர்ந்துகொள்ள, காற்று தரையிலிருந்து கடலை நோக்கி ஓடும். மலையிலிருந்து இறங்கும் காற்று ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய ஐந்தரை டிகிரி சூடேறும். குளிர்ந்த கடலைத் தொடாமலே அது கரைக்கு வந்துவிடுகிறது.

எனவே காற்று எத்தனை மைல் என்பதற்கு முன் எந்தத் திசை என்று பாருங்கள். 25 மைல் வடமேற்கு என்றால் ஜாக்கெட், 25 மைல் வடகிழக்கு என்றால் கரையில் அரைக்கை. இப்படிப்பட்ட நாள் ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். திசை திரும்பிய அரை மணியில் இருபது டிகிரி இறங்குவதும் உண்டு, ஜாக்கெட் காரிலேயே இருக்கட்டும்.

19. ஒவ்வொரு ஆப்பும் ஒவ்வொண்ணு சொல்லுது. எதை நம்புறது?

பெரும்பாலான ஆப்கள் கணினி மாடல் கணக்கிட்டுத் தரும் எண்ணை அப்படியே எடுத்துப் போடுகின்றன. இந்தக் கரையோ 2-லும் 8-லும் சொன்னபடி மைலுக்கு மைல் மாறுவது. நான் பார்ப்பது தேசிய வானிலை சேவையின் மான்டரே அலுவலகம் எழுதும் 'முன்னறிவிப்பு விவாதம்'. மனிதர்கள் எழுதுவது; எதில் உறுதியாக இருக்கிறார்கள், எதில் சந்தேகம் என்று அதில் வெளிப்படையாகத் தெரியும். ஒரு எண்ணைப் பார்ப்பதைவிட 'மாடல்கள் ஒத்துப்போகவில்லை' என்ற ஒரு வரி எனக்கு அதிகம் உதவும்.

கிளம்பும் முன், கடலில் மிதக்கும் அளவீட்டு மிதவைகளைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு மேற்கே 46026, ஹாஃப் மூன் பேக்கு 46012, பொடேகா பேக்கு 46013. அவை சொல்வது இந்த நேரத்தில் அடிக்கும் காற்று, அலை, தண்ணீர் வெப்பம். மூன்றும் காலை எட்டு மணிக்கே 20 நாட் வேகத்துக்கு மேல் காட்டினால், பிற்பகலுக்கு ஆப் என்ன சொன்னாலும் நான் சான்டா குரூஸ் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவேன்.

20. சனிக்கிழமைக்கு எப்ப முடிவு பண்ணலாம்? புதன்கிழமையே சொல்லிட முடியாதா?

காற்று அடிக்குமா என்பதைப் புதன்கிழமையே ஓரளவு சொல்லிவிடலாம், பெரிய அழுத்த அமைப்புகள் அதற்குள் தெரிந்துவிடும். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பது வெள்ளிக்கிழமைதான் தெளியும். மற்ற அமைப்புகளிலிருந்து அறுந்து தனியே சுற்றிக்கொண்டிருக்கும் மேல்மட்டக் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று கடலில் இருக்கிறது என்று விவாதத்தில் படித்தால், வெள்ளிக்கிழமை இரவு வரைகூட எதையும் நம்பாதீர்கள். அது எந்தப் பக்கம் நகரும் என்பது அதற்கே தெரியாது.

புதனன்று இரண்டு இடம் முடிவு செய்யுங்கள், ஒன்று திறந்த கரை, ஒன்று 11-ல் சொன்ன மறைவான இடம். பணம் கட்டி முன்பதிவு செய்வது மறைவான இடத்துக்கு மட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும் புதிய முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, எந்த இடம் என்று வாட்ஸ்ஆப்பில் போடுங்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.